பருந்தா, கடற்கழுகா? எமது கரையோர வானின் இரு வேட்டைப் பறவைகள்

அதிகாலையில் கல்முனைக் கடற்கரைக்குச் செல்பவர்களுக்கு அந்தக் காட்சி புதியதல்ல. கரைவலையின் இரு புறத்தும் நின்று இழுப்போரின் குரல் உயர, வலையின் மடி கரையை நெருங்க, வானத்திலும் ஒரு கூட்டம் சேர்ந்துவிடுகின்றது. காகங்கள் முதலில் வருகின்றன. அவற்றுக்கு மேலே செந்நிறச் சிறகுகளை விரித்தபடி சில பறவைகள் வட்டமிடுகின்றன. அவற்றுக்கும் மேலே, தனியாகவோ சோடியாகவோ, வெண்ணிற வயிறு இளவெயிலில் பளிச்சிட மிகப் பெரிய பறவையொன்று சிறகசைக்காமல் மிதந்து செல்வதைச் சில நாட்களில் காணலாம்.

இவை எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான். எழுத்தில் பருந்து, பேச்சில் பிராந்து. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இதுவே வழக்கம். ஆனால் மேலே கூறிய செந்நிறப் பறவையும் வெண்வயிற்றுப் பறவையும் வெவ்வேறு இனங்கள். உடலமைப்பிலும் உணவிலும் கூடு கட்டும் முறையிலும் மனிதனோடு பழகும் விதத்திலும் அவற்றுக்கிடையே வேறுபாடுகள் பல உள்ளன. அவ்வேறுபாடுகளைத் தெரிந்து கொள்வது பொழுதுபோக்குக்கான விடயம் மட்டுமல்ல. எமது கடலும் களப்பும் வயலும் எந்த நிலையில் உள்ளன என்பதை இவ்விரு பறவைகளையும் கொண்டு ஓரளவுக்கு அறிந்து கொள்ள முடியும் என்பதாலேயே இவ்விடயத்தை இங்கு எடுத்துக் கொள்கின்றோம்.

ஒரே குடும்பத்தின் இரு கிளைகள்

செந்நிறச் சிறகும் வெண்ணிறத் தலையும் கொண்டது செம்பருந்து. மற்றையது வெண்வயிற்றுக் கடற்கழுகு. கழுகுகளையும் பருந்துகளையும் வல்லூறுகளையும் உள்ளடக்கிய பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. அக்குடும்பத்துக்குள்ளும் இவை நெருங்கிய உறவினர்கள். 2005 ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று, கடற்கழுகுகளுக்கு மிக நெருங்கிய சுற்றம் மலைக்காடுகளில் வாழும் பெருங்கழுகுகள் அல்ல, செம்பருந்தும் கரும்பருந்தும் அடங்கிய பருந்துக் கூட்டமே என்பதை எடுத்துக் காட்டியது. எல்லாவற்றையும் பருந்து என்றே அழைத்து வந்த எமது மூதாதையர் முற்றிலும் தவறிழைத்து விடவில்லை என்றே இதனைக் கொள்ளலாம்.

மேலைத்தேய விஞ்ஞான உலகம் செம்பருந்தை முதலில் அறிந்து கொண்டது தமிழ்க் கரையிலிருந்துதான் என்பது பலரும் அறியாத செய்தி. 1760 இல் பிரான்ஸ் நாட்டு இயற்கையியலாளர் பிரிசோன் இதனைப் பாண்டிச்சேரிக் கழுகு என்ற பெயரில் விவரித்தார். 1783 இல் பொடேர்ட் என்ற ஒல்லாந்து அறிஞர் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். கடற்கழுகுக்கு அத்தகைய பெயரை ஜேர்மனியரான மெலின் 1788 இல் வழங்கினார். இன்று செம்பருந்து இந்திய உபகண்டம் தொட்டு அவுஸ்திரேலியா வரை பரந்து வாழ்கின்றது. கடற்கழுகும் ஏறத்தாழ அதே எல்லைக்குள், இந்தியா, இலங்கைக் கரைகளிலிருந்து தென்கிழக்காசியத் தீவுகள் வழியாக அவுஸ்திரேலியா வரை காணப்படுகின்றது.

இவற்றைக் கடற்பறவைகள் என்று கூறும்போது ஒன்றை மனதிற் கொள்ள வேண்டும். நடுக்கடலிலேயே வாழ்நாளைக் கழிக்கும் பறவைகளைப் போல இவற்றால் நீரில் மிதந்து ஓய்வெடுக்க இயலாது. கடலிலிருந்து உணவைப் பெற்று, கரையின் மரங்களில் வாழ்பவை இவை. கரை கெட்டால் கடல் நன்றாக இருந்தும் பயனில்லை. கடல் கெட்டால் கரை நன்றாக இருந்தும் பயனில்லை. இரண்டும் ஒருசேர நன்றாக இருந்தாலே இவை வாழும்.

பார்த்து அறிவது எவ்வாறு?

முதலில் பருமனைக் கவனிக்க வேண்டும். செம்பருந்தின் விரித்த சிறகுகளின் அகலம் ஏறத்தாழ 4 அடி. நிறை அரைக் கிலோ அளவில் இருக்கும். கடற்கழுகின் சிறககலமோ 6 அடி முதல் 7 அடி வரை. நிறை 2 கிலோவிலிருந்து 4 கிலோவுக்கும் மேல் செல்லக் கூடியது. இரண்டு இனங்களிலும் பெண் பறவையே ஆணை விடப் பெரியது.

இரண்டாவது நிறம். செம்பருந்தின் தலை, கழுத்து, மார்பு என்பன வெண்மை. மற்றைய உடல் முழுவதும் செங்கபிலம். சிறகின் நுனிகள் மட்டும் கறுப்பு. கடற்கழுகின் தலையிலிருந்து வயிறு வரை தூய வெண்மை. முதுகும் சிறகின் மேற்புறமும் சாம்பல் நிறம். கீழிருந்து நோக்கினால் சிறகின் முற்பகுதி வெண்மையாகவும் பிற்பகுதி கருமையாகவும் தோன்றும். செம்பருந்தில் இருக்கும் அந்தச் செந்நிறம் கடற்கழுகில் எவ்விடத்திலும் இல்லை.

மூன்றாவது பறக்கும் தோற்றம். இதுவே தொலைவிலிருந்தும் பிசகாமல் இனங்காண உதவும் அடையாளமாகும். காற்றில் மிதக்கும்போது கடற்கழுகு தன் சிறகுகளை மேல்நோக்கி உயர்த்திப் பிடிக்கின்றது. எதிரிலிருந்து பார்ப்பவருக்கு இரு கைகளையும் உயர்த்தியது போலத் தோன்றும். செம்பருந்து சிறகுகளைக் கிட்டத்தட்ட மட்டமாகவே வைத்திருக்கும். கடற்கழுகின் வால் குட்டையானது, ஆப்பு வடிவானது. அதன் அடிப்பகுதி கருமையாகவும் நுனி வெண்மையாகவும் இருக்கும். செம்பருந்தின் வால் நுனி வட்டமானது.

குரலும் வேறு. செம்பருந்து மெல்லிய, மூக்கால் இழுப்பது போன்ற அழுகுரலை எழுப்பும். கடற்கழுகின் குரலோ வாத்தின் கூவலைப் பெருக்கியது போல உரத்தது. இனப்பெருக்க காலத்தில் சோடிப் பறவைகள் இரண்டும் மாறி மாறிக் குரல் கொடுப்பதைத் தொலைவிலிருந்தும் கேட்கலாம்.

குழப்பம் நேர்வது இளம் பறவைகளாலேயே. இரு இனங்களின் குஞ்சுகளும் கபில நிறமாகவே கூட்டை விட்டு வெளியேறுகின்றன. செம்பருந்து முதிர்ந்த தோற்றத்தைப் பெற இரண்டு மூன்று ஆண்டுகளும், கடற்கழுகு நான்கு ஐந்து ஆண்டுகளும் எடுக்கும். இளம் செம்பருந்தைப் பலர் கரும்பருந்து என்று எண்ணிவிடுவதுண்டு. கரும்பருந்தின் வால் பிளவுபட்டிருக்கும். எமது நாட்டில் அது பெரும்பாலும் வடபகுதிக் கரையோரங்களுக்கு உரியது. குளிர்காலத்தில் வடக்கு நாடுகளிலிருந்து வந்து, நீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும் விராலடிப்பானும் எமது களப்புகளில் தென்படுவதுண்டு. அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது.

கழுகு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். தமிழில் பிணந்தின்னும் பறவையையும் வேட்டையாடும் பெரும் பறவையையும் கழுகு என்றே அழைக்கின்றோம். தமிழ்நாட்டின் திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உணவு பெற்றுச் சென்றதாகப் புகழ் பெற்ற கழுகுகள் உண்மையில் பிணந்தின்னிக் கழுகு வகையைச் சேர்ந்தவை. அத்தகைய பறவைகள் இலங்கையில் நிரந்தரமாக வாழ்வதில்லை. எனவே எமது வானில் பறக்கும் கடற்கழுகைக் கண்டு பிணந்தின்னி என்று முகஞ்சுளிக்கத் தேவையில்லை.

வேட்டையும் பங்கும்

கடற்கழுகு உயர்ந்த மரக்கிளையொன்றில் நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருக்கும். அல்லது உயரத்தில் வட்டமிடும். நீர்மட்டத்துக்கு அருகே வரும் மீனைக் கண்டவுடன் தாழ்ந்து வந்து, கால்களை முன்னே நீட்டி, நீரின் மேற்பரப்பிலேயே அதனைப் பற்றிக் கொண்டு எழும். அதன் பாதத்தின் அடிப்புறம் சொரசொரப்பானது. வழுக்கும் மீனையும் நழுவ விடாத அமைப்பு அது. கீழ்க்காலில் இறகுகள் இல்லாமையால் அவை நீரில் நனைந்து பாரமாவதுமில்லை. மீனோடு கடற்பாம்பு, நீர்ப்பறவைகள், வெளவால், சிறிய ஆமை என்பனவும் அதன் உணவாகின்றன. கரையொதுங்கிய இறந்த உயிரினங்களையும் அது விட்டு வைப்பதில்லை.

செம்பருந்தின் உடல் பெரிய இரைக்கு ஏற்றதல்ல. ஆகவே கிடைப்பதைக் கொண்டு வாழும் கலையை அது கற்று வைத்திருக்கின்றது. கரைவலையில் சிந்தும் கீரி மீன், மீன் வெட்டும் இடத்துக் கழிவு, களப்பு ஓரத்து நண்டு, வயலில் தவளை, எலி, பாம்பு, வெட்டுக்கிளி என்று அதன் உணவுப் பட்டியல் நீளமானது. உழவு நடக்கும் வட்டைக்குள் உழவு இயந்திரத்தைத் தொடர்ந்து தாழப் பறக்கும் செம்பருந்தை நிந்தவூர், அட்டாளைச்சேனை, சம்மாந்துறை விவசாயிகள் நன்கறிவர். சிறிய இரையாயின் எங்கும் அமராமல், காலில் பிடித்ததைப் பறந்தவாறே குனிந்து உண்பதும் அதன் வழக்கம்.

கோழிக்குஞ்சு திருடி என்ற பழி செம்பருந்தின் மீது நெடுங்காலமாக இருந்து வருகின்றது. பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்ததும் தாய்மார் சத்தமிட்டுக் கொண்டு வெளியே ஓடி வரும் காட்சி எமது சிறுபராயத்து நினைவுகளில் ஒன்று. செம்பருந்து குஞ்சைத் தூக்குவதே இல்லை என்று கூற முடியாது. ஆயினும் சிறிய வல்லூறும் கீரியும் காகமும் செய்வதும் சேர்த்து அதன் கணக்கிலேயே எழுதப்படுகின்றது. வயலில் அது பிடிக்கும் எலிகளை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

பிறரின் இரையைப் பறிப்பதில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. தென்துருவத்தை அண்டிய கடல்களில் இனப்பெருக்கம் செய்து, இடைக்கிடை எமது நாட்டுக் கடற்பரப்புக்கும் வந்து செல்லும் ஸ்கூவா என்ற பறவையினம் இத்தொழிலில் உலகப் புகழ் பெற்றது. மற்றைய பறவைகளை விரட்டிச் சென்று அவை இரையைக் கக்கும் வரை விடாது அது. எமது கரையில் அவ்வேலையைக் கடற்கழுகு தன் பருமனைக் கொண்டும், செம்பருந்து தன் இலாவகத்தைக் கொண்டும் செய்கின்றன. செம்பருந்து பிடித்ததைக் கடற்கழுகு மிரட்டிப் பறிக்கும். செம்பருந்து காகத்திடமிருந்து பறிக்கும். காகங்கள் கூடிக் கொண்டால் கடற்கழுகையும் துரத்தும். ஆகவே இக்கரையில் எவரும் நிரந்தர வெற்றியாளர் அல்லர்.

கூடும் குஞ்சும்

இரண்டுக்கும் இடையிலான மிக முக்கியமான வேறுபாடு இங்கேதான் உள்ளது. கடற்கழுகு உயர்ந்த மரத்தின் கவட்டில் சுள்ளிகளால் பெரிய மேடை போன்ற கூட்டை அமைக்கின்றது. அதே கூட்டையே ஆண்டுதோறும் புதுப்பித்துப் பயன்படுத்துவதால் அது வருடத்துக்கு வருடம் பருத்துக் கொண்டே செல்லும். வழமையாக 2 முட்டைகள். ஏறத்தாழ 6 வாரங்கள் அடைகாக்க வேண்டும். குஞ்சு பறப்பதற்கு மேலும் 10 வாரங்களுக்கு மேலாகும். இரண்டு முட்டை இட்டாலும் பல வேளைகளில் ஒரு குஞ்சே தப்பிப் பிழைக்கின்றது. கூட்டுக்கு அருகே ஆட்களின் நடமாட்டம் அதிகரித்தால் பெற்றோர் முட்டையை விட்டுச் செல்வதும் உண்டு.

செம்பருந்துக்கு இத்தனை நிபந்தனைகள் இல்லை. கண்டல் மரமோ தென்னையோ அரசோ, ஊருக்கு அருகில் ஓர் உயரமான இடம் அதற்குப் போதும். நான்கு வாரங்களுக்குள் முட்டை பொரித்துவிடும். குஞ்சுகள் ஏழெட்டு வாரங்களில் பறக்கும்.

இதன் பொருள் தெளிவானது. ஒரு பருவம் தவறினால் செம்பருந்து ஓரளவு விரைவில் மீண்டுவிடும். கடற்கழுகால் அது இயலாது. முதிர்ச்சியடைய நான்கைந்து ஆண்டுகள், பரந்த வேட்டைப் பரப்பு, பல ஆண்டுகளுக்கு ஒரே மரம் என்று வாழும் பறவையின் ஒரு கூட்டு மரத்தை வெட்டுவது, ஒரு சோடியின் பல வருட வாழ்க்கையை வெட்டுவதாகும்.

எமது கரைக்கு நேர்ந்தவை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாம் இழந்தோம். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று அந்த இழப்பின் பட்டியல் நீண்டது. மனிதர்களின் துயரத்துக்கு முன்னால் மரங்களைப் பற்றிப் பேசும் மனநிலை அன்று எவருக்கும் இருக்கவில்லை. அது இயல்பானதே. ஆயினும் இருபது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், கரையோரத்து உயர்ந்த மரங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கு இப்போது நேரம் வந்துள்ளது.

2013 இல் திறந்து வைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தை அடுத்துக் கடலரிப்பு தீவிரமடைந்ததையும், தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் சரிந்ததையும் அப்பகுதி மக்கள் கண்ணெதிரே கண்டனர். கரையோடு ஓடும் மணலைத் தடுப்புச் சுவர் ஒரு புறத்தில் தேக்கினால் மறுபுறம் மணலின்றி அரிக்கப்படும் என்பது கடற்கரை இயக்கத்தின் எளிய விதி. அரிப்பில் மனிதன் காணியை இழந்தான், மீனவன் வாடியை இழந்தான். அம்மரங்களில் அமர்ந்தும் கூடு கட்டியும் வாழ்ந்த பறவைகளுக்கும் இழப்பு ஏற்பட்டது.

2020 செப்டெம்பர் 3 ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயுடன் சென்ற கப்பல் அது. கப்பற் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். எரிபொருள் படலம் கடலில் தென்பட்ட போதிலும், மசகு எண்ணெய்த் தாங்கிகள் உடையாமல் தப்பின. அவை உடைந்திருப்பின் அக்கரைப்பற்றிலிருந்து பாணமை வரையிலான கரையின் கதி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக உள்ளது. நீரின் மேற்பரப்பிலேயே இரை தேடும் பறவைகள் எண்ணெய்ப் படலத்துக்கு முதலில் பலியாகின்றவை.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு இதைவிட ஆபத்தானது. வயலில் தெளிக்கும் இரசாயனங்களுள் எளிதில் சிதையாதவை நீரோடு களப்பை அடைகின்றன. நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும், பெரு மீனிலிருந்து கழுகுக்கும் செல்கையில் ஒவ்வொரு படியிலும் அவற்றின் செறிவு பெருகுகின்றது. அமெரிக்காவின் தேசியச் சின்னமான வெண்டலைக் கழுகும் ஒரு கடற்கழுகே. எமது கடற்கழுகின் உறவினர். டீடீரீ என்ற பூச்சிகொல்லியால் அதன் முட்டை ஓடுகள் மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே உடைந்தன. 1963 இல் அந்நாட்டின் பிரதான நிலப்பரப்பில் ஐந்நூறு சோடிகளும் எஞ்சியிருக்கவில்லை. 1972 இல் அப்பூச்சிகொல்லி தடைசெய்யப்பட்டது. 2007 இல் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து அப்பறவை நீக்கப்பட்டது. தவறை உணர்ந்து திருத்திக் கொண்டால் மீட்சி உண்டு என்பதற்கு இது சான்று.

மறுபக்கத்துக்கான சான்று எமது அயலில் உள்ளது. இந்தியாவில் எங்கும் நிறைந்திருந்த பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் திடீரென மறையத் தொடங்கின. மாடுகளுக்கு வழங்கப்பட்ட டைக்ளோபினெக் என்ற வலிநிவாரணியே காரணம் என்பது 2004 அளவிலேயே தெரியவந்தது. 2006 இல் கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டபோது ஓர் இனத்தில் நூற்றுக்கு ஒன்று கூட எஞ்சாத நிலை உருவாகியிருந்தது. ஏராளமாக இருக்கின்றது என்பது ஒரு பறவைக்குப் பாதுகாப்பு ஆகாது.

செம்பருந்தைப் பற்றியும் இதையே கூற வேண்டியுள்ளது. உலகளவில் இரு இனங்களும் அச்சுறுத்தல் குறைந்தவை என்றே வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆயினும் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், ஒரு காலத்தில் பரவலாகக் காணப்பட்ட செம்பருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. ஜகார்த்தா மாநகரின் சின்னமாக விளங்குவது அதுவே. மலேசியாவின் லங்காவித் தீவின் பெயரிலும், அங்குள்ள மாபெரும் சிலையிலும் இடம்பெறுவதும் இப்பறவையே. சின்னத்திலும் சிலையிலும் வாழ்ந்து, வானத்தில் இல்லாது போகும் நிலை எமது கரைக்கு வேண்டாம்.

கழிவை உண்டு செம்பருந்து பெருகும்தானே என்று சிலர் கேட்கக் கூடும். மீன் கழிவு வேறு, பொலித்தீனில் கட்டி வீசப்படும் கழிவு வேறு. எமது மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்கை விழுங்கி எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது யானைகள் இறந்த செய்தி 2022 ஜனவரியில் உலக ஊடகங்களில் வெளியாகி எம்மைத் தலைகுனிய வைத்தது. யானையின் உடல் பெரிது. அதனால் அது செய்தியாகியது. அரைக் கிலோ நிறையுள்ள பறவையொன்று அவ்வாறு இறந்தால் அது எவருடைய கண்ணிலும் படாது.

செய்யக் கூடியவை

1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இப்பறவைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. ஆனால் சட்டம் மரத்தடியில் காவல் நிற்பதில்லை. கூடு உள்ள மரத்தை ஊரார் அறிந்து, வெட்டாமல் விடுவதே சிறந்த பாதுகாப்பு. பள்ளிவாசல் காணியிலும் கோயில் வளவிலும் பாடசாலை முற்றத்திலும் நிற்கும் உயர்ந்த மரங்கள் இவ்வகையில் பெறுமதி மிக்கவை. கரையோரத்தில் மீள மரம் நடும்போது விரைவில் வளரும் சவுக்கோடு நின்றுவிடாமல், களப்பு ஓரங்களில் கண்டலையும், உட்பகுதியில் நீண்ட காலம் நிற்கும் நாட்டு மரங்களையும் சேர்த்து நடுவது அவசியம்.

மீன் கழிவைப் பொலித்தீனில் கட்டிக் கடற்கரையில் வீசும் வழக்கத்தை நிறுத்துவதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. சந்தையிலும் வீட்டிலும் சற்று ஒழுங்கு இருந்தாலே போதும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் எமது வாசலிலேயே உள்ளன. கல்முனையிலிருந்து பொத்துவில் வரையிலான கரையில் எத்தனை கடற்கழுகுக் கூடுகள் உள்ளன என்பதை ஆண்டுதோறும் பதிவு செய்யும் பணியை மாணவர்கள் பொறுப்பேற்றால், அது பிற்காலத்துக்குப் பேருதவியாக அமையும். எண்ணிக்கை கையில் இருந்தால்தான் குறைவது எப்போது தொடங்கியது என்பதையேனும் நாம் அறிவோம்.

இந்து மக்கள் செம்பருந்தைக் கருடன் என்று வணங்குகின்றனர். கும்பாபிஷேக வேளையில் அது வானில் வட்டமிடுவதை நற்சகுனமாகக் கொள்கின்றனர். தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்த்துச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் அல்முல்க் அத்தியாயத்தில் மனிதனுக்கு நினைவூட்டுகின்றது. அண்ணாந்து பார்ப்பதற்கு இரு சமூகத்தாருக்கும் காரணம் உண்டு.

அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, பிள்ளைகளையும் அழைத்துச் சென்று ஒரு கணம் மேலே பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகின்றோம். செந்நிறமாயின் செம்பருந்து. வெண்வயிறும் உயர்த்திய சிறகுமாயின் கடற்கழுகு. இரண்டும் தென்பட்டால் எமது கடலில் இன்னும் மீன் உண்டு, கரையில் இன்னும் மரம் உண்டு என்று நம்பலாம். மாதக்கணக்கில் கடற்கழுகு கண்ணில் படவில்லையெனில், அது ஏன் என்று கேட்க வேண்டியது அக்கரையில் வாழும் எமது பொறுப்பாகும்.